வருங்கால அதிபருக்கு ஒரு மைசூர்த் தலைப்பாகை

1

மைசூர் மண்டி மொஹல்லாவில் என் தம்பி ஜெரோம் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். கல்லாவுக்கு மேலே மாதா படம். அதற்குப் பக்கத்தில், மாதாவைவிடப் பெரிய சட்டத்துக்குள் ஒரு போட்டோ. அதில் என் வீட்டுக்காரர் சேவியர் ஒரு முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு வெள்ளைக்காரர் தலையில் மைசூர் பேட்டா வைத்துக்கொண்டிருக்கிறார். பேட்டா என்றால் நம் ஊர் ஜரிகைத் தலைப்பாகை. வெள்ளைக்காரர் ஓர் அமெரிக்க மாநிலத்தின் கவர்னர். அடுத்த அதிபர் தேர்தலில் நிற்பார் என்று அடிபடுகிற பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

இந்தப் பாழாய்ப்போன போட்டோவால், ஊருக்கு வந்த நாளிலிருந்து நிம்மதியாக ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை. ஒயர் வாங்க வருகிறவர் கேட்கிறார். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் பின் பெஞ்சுக்காரர் கேட்கிறார். குண்டலுபேட்டையிலிருந்து பம்ப்செட் சாமான் வாங்க வரும் பசவண்ணா, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அடுத்த பிரசிடென்ட் யாரு மேடம்? விசா எல்லாம் பந்த் பண்ணிடுவாங்களாமே, ஹௌதா? என் மச்சான் மகன் அங்கே போக ரெடியா நிக்கறான்."

"எனக்கு அங்கே ஓட்டே கிடையாதுங்க" என்றேன்.

"அக்கா எப்பவும் அப்படித்தான், அடக்கமா பேசும்" என்று ஜெரோம் பெருமையோடு சொன்னான். பசவண்ணாவும் தலையாட்டினார். அதற்கு மேல் அவர்களிடம் என்ன பேசுவது?

ஓட்டில்லாதவளுக்கு யார் அதிபரானால் என்ன என்று நீங்களும் நினைக்கலாம். சேவியர் அமெரிக்காவுக்கு வேலை விசாவில் போனவர். நானும் மகள் அஞ்சுவும் அவர் விசாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனவர்கள். அப்போது அஞ்சு தவழ்கிற குழந்தை. கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறோம், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை நகர்கிறதா என்பதே சந்தேகம். இதில் ஒரு சட்டம் இருக்கிறது. பிள்ளைக்கு இருபத்தொரு வயதாகிவிட்டால் அப்பாவின் விசாவில் அவளுக்கு இடமில்லை. வரிசையில் இருந்த இடமும் போய்விடும். வேறு விசா கையில் இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். புது அதிபர் பதவியேற்கிற வருஷம்தான் அஞ்சுவுக்கு இருபத்தொன்று. அதனால்தான் எங்கள் வீட்டில், அதிபராக ஆசைப்படுகிற ஒவ்வொரு ஆளும் வாயைத் திறக்கும்போதெல்லாம் நாங்கள் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறோம்.

2

நாங்கள் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர். மலையும் பனியும் மேப்பிள் மரமும் உள்ள சின்ன மாநிலம். ஆனால் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த மாநிலத்து ஓட்டு ரொம்ப ஆரம்பத்திலேயே நடக்கும். அங்கே சறுக்கினால் அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம். ஆகவே அதிபர் நாற்காலிக்கு ஆசைப்படுகிற யாராக இருந்தாலும் எங்கள் ஊர்ச் சேற்றை மிதித்தாக வேண்டும். தேர்தலுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது, அதற்குள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மேடையும் மாலையும் பிறகு. முதலில் வீடுகளுக்கு வருவார்கள்.

வீடு என்றால் நிஜமாகவே வீடு. எங்கள் எதிர்வீட்டு டோரத்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர் ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சர்ச்சிலிருந்து மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஆளுக்கொரு பதார்த்தம் எடுத்து வந்தால் கூட்டம் தயார். நான் முதல்முறை போனது பனி உருகுகிற காலம். வாசலெல்லாம் சகதி. எல்லோரும் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். அதிபராக நினைத்த ஒரு செனட்டரும் கழற்றினார். சாக்ஸோடு நின்று அரைமணி நேரம் பேசினார், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். போகும்போது காகிதத் தட்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, சூப் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைத்தார். இடது காலில் கட்டைவிரல் பக்கம் சாக்ஸ் கிழிந்திருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூமியில் இத்தனை பெரிய அதிகாரத்துக்குப் போகப்போகிற காலா இது என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஏன் என்றால் நான் வளர்ந்த விதம் அப்படி. என் அப்பா ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்தார். மாற்றல் விஷயமாக ஒரு மந்திரியைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு நஞ்சன்கூடு போனார். விருந்தினர் மாளிகை வாசலில் காலையிலிருந்து நின்றோம். மத்தியானம் கார்கள் வந்தன. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கையைக் கூப்பிக்கொண்டு முன்னே போனார். கண்ணாடி இறங்கவில்லை. போலீஸ்காரர் அப்பாவின் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார், முரட்டுத்தனமாகக்கூட இல்லை, கதவைச் சாத்துகிற மாதிரி சாதாரணமாக. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

அந்த அப்பாவின் மகள் நான். கோப்பையைக் கழுவிய செனட்டர் அடுத்த மாதமே விசாக்களைக் குறைக்க வேண்டும் என்று பேசினார், அது வேறு விஷயம். ஆனாலும் அந்தக் காட்சியின் பிரமிப்பு இன்றுவரை போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை.

3

சேவியருக்கு இது பைத்தியம். மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. அந்தப் புத்தி வீட்டிலும் விடாது. துணி மடிக்கும்போது பேச ஆரம்பித்தால் பனியனிலிருந்து பெட்ஷீட் வரை வேட்பாளர்கள்தான்.

"இவங்க கொள்கை எல்லாம் மண்ணப் பொறுத்தது ஸ்டெல்லா" என்பார். "ஆப்பிள் தோட்டத்துல நின்னு பேசினா, வெளிநாட்டு ஆளுங்க இல்லாம பழம் மரத்துலயே அழுகிடும்பாங்க. மூடிப்போன காகித மில் வாசல்ல நின்னா, கதவைச் சாத்தணும்பாங்க. காலேஜ்ல நின்னா, உலகத்து மூளையெல்லாம் இங்க வரட்டும்பாங்க. ஒரே ஆளு, ஒரே நாளு."

அவர் கணக்கில் மூன்று பேர் தேறுவார்கள். ஒரு பெண் செனட்டர். வக்கீலாக இருந்தபோது அகதிகளுக்காக வாதாடியவர், இப்போது எல்லை வேலி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார். அடுத்தது ஒரு கம்பெனி முதலாளி. அவர் ஆபீசில் பாதிப் பேர் நம் ஆட்கள்தான், ஆனால் மைக்கைப் பிடித்தால் உள்ளூர்க்காரனுக்கே வேலை என்பார். மூன்றாவது நம் போட்டோ கவர்னர். முன்பு சட்டசபையில் இருந்தபோது அஞ்சு மாதிரிப் பிள்ளைகள் அங்கேயே இருக்க வழி செய்ய வேண்டும் என்று உருகிப் பேசியவர். இப்போது "எல்லோரும் வரிசையில் வரட்டும்" என்கிறார். சேவியருக்கு இவர்மேல்தான் மயக்கம்.

"உள்ளுக்குள்ள நல்லவர்ம்மா. ஜெயிக்கறதுக்காக அப்படிப் பேசறார்."

"உள்ளுக்குள்ள இருக்கறத வெச்சுக்கிட்டு நாம என்ன, ஊறுகாயா போடறது?" என்றேன்.

அஞ்சு லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்பா, உங்களுக்கு வோட் இருக்கா?" என்றாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேசுவது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துத்தான். காது சரியாகக் கேட்காத, பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற படிப்பு படிக்கிறாள். அம்மாவிடம் பேசத்தான் சொல் கிடைப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருந்தாளானால் சாப்பாட்டுக்குக் கூப்பிடவே எனக்குத் தயக்கமாக இருக்கும். நம் வீட்டுக்குள்ளேயே ஒரு வெளிநாடு இருக்கிற மாதிரி.

4

கவர்னர் டோரத்தி வீட்டுக்கு வருகிறார் என்றதும் சேவியர் ஜெரோமுக்குப் போன் போட்டார். மைசூரில் நமக்கு ஒரு பழக்கம் உண்டல்லவா. பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, வட்டிக்கடைத் திறப்போ, பெரிய மனிதர் யார் வந்தாலும் பேட்டா வைத்து, சால்வை போட்டு, சந்தன மாலை போட்டு, பழக்கூடையைக் கையில் கொடுக்காமல் விடமாட்டோம். இல்லையென்றால் வந்தவரை அவமதித்த மாதிரி. ஊரிலிருந்து யாரோ வரும்போது பேட்டாவும் சந்தன மாலையும் வந்து சேர்ந்தன. வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

கவர்னர் சாக்ஸோடு வந்து நின்றார். முதல் கேள்விக்கு முன்னாலேயே சேவியர் முக்காலியைப் போட்டு ஏறி, பேட்டாவை வைத்துவிட்டார். கவர்னர் சிரித்துக்கொண்டே குனிந்து கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எடுத்த போட்டோ அதுதான்.

கவர்னரோடு வந்த உதவியாளர் பெண் மட்டும் கை தட்டவில்லை. சேவியரை அடுக்களைப் பக்கம் கூட்டிப்போனாள். நானும் போனேன். "நீங்கள் குடியுரிமை பெற்றவரா?" என்று கேட்டாள். இல்லை. "கிரீன் கார்டு?" அதுவும் இல்லை, வேலை விசா. அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. வெளிநாட்டுக்காரர் கையிலிருந்து தேர்தல் வேட்பாளர் எந்தப் பொருளும் வாங்கக்கூடாதாம். சட்டமாம். அவள் விறுவிறுவென்று போய் கவர்னர் காதில் ஏதோ சொன்னாள். அவர் பேட்டாவைக் கழற்றினார், மாலையைக் கழற்றினார். இரண்டையும் சேவியர் கையில் திரும்பக் கொடுத்து, மன்னிக்கணும், எனக்கு இதை வைத்துக்கொள்ள ஆசைதான் என்றார்.

பேட்டாவைக் கழற்றி, அதைத் தலையில் வைத்தவர் கையிலேயே கொடுப்பதைவிட அவமானம் நம் ஊரில் உண்டா? சேவியர் அதை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவமானம் ஒருபக்கம், இது போய் விசா ஃபைலில் ஏறிவிடுமோ என்ற பயம் ஒருபக்கம். காது சிவந்து போயிருந்தது. எனக்கு நஞ்சன்கூடு வாசலில் அப்பா நின்றது ஞாபகம் வந்தது.

அப்போதுதான் அஞ்சு எழுந்து நின்றாள். கடனே என்று எங்களோடு வந்தவள். குரல் நடுங்கவில்லை.

"சார், நீங்கள் சட்டசபையில் இருந்தபோது, என்னைப் போன்ற பிள்ளைகள் இங்கேயே இருக்க வேண்டும் என்று பேசினீர்கள். போன மாதம், எல்லோரும் வரிசையில் வரட்டும் என்றீர்கள். நான் வரிசையில்தான் இருக்கிறேன். எனக்கு இருபத்தொரு வயதானதும் வரிசை என்னைத் தள்ளிவிடும். நீங்கள் பேசிய இரண்டில் எது உங்களுடையது?"

கவர்னர் ஏதோ நகைச்சுவை சொல்லப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, "முதலில் சொன்னதை நம்பிச் சொன்னேன். இரண்டாவதைத் தோற்றுவிடக்கூடாதே என்று சொன்னேன். ஜெயித்தால்தானே முதலில் சொன்னதைச் செய்ய முடியும்" என்றார்.

டோரத்தி தன் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "அப்படி ஜெயிப்பதைவிட நீங்கள் தோற்றே போகலாம்" என்றார்.

இந்த டோரத்தி யார் தெரியுமா? வெளியாட்கள் ரொம்ப வந்துவிட்டார்கள், போதும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறவர். அவர் அதிபராக நினைக்கிற ஒருவரை, தன் வீட்டில், தன் சூப்பைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொன்னார். கவர்னர் கோபப்படவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். ஓட்டில்லாத ஒரு பெண் கேட்டாள், அவர் உண்மையைச் சொன்னார், பஸ் ஓட்டிய பாட்டி முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொன்னார். எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் நாம் என்று நான் பிரமித்தேன். அதைவிடப் பெரிய பிரமிப்பு, அந்தக் குரல் என் வீட்டு மூடிய கதவுக்குப் பின்னால் இத்தனை நாள் இருந்தது என்பது.

அடுத்த வாரம் டிவியில் கவர்னர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். இந்த விஷயத்தை ஒரு குழு ஆராய வேண்டுமாம். சேவியர் டிவியை அணைத்தார். போட்டோ மட்டும் ஜெரோமின் வாட்ஸாப் வழியாக மைசூர் முழுக்கச் சுற்றியது. பேட்டா திரும்பி வந்த கதையை அவனுக்கு நாங்கள் சொல்லவில்லை.

5

எங்கள் விசா வக்கீல் ஒரே பேச்சில் முடித்தார். "அதிபர்களை நம்பி உட்கார வேண்டாம். பெண்ணுக்கு இப்போதே மாணவர் விசா எடுத்துவிடுங்கள். இங்கிருந்தே மாற்றக் காத்திருந்தால் இழுத்துக்கொண்டே போகும். ஊருக்குப் போய் சென்னையில் இன்டர்வியூ முடித்து வாருங்கள்." சேவியர் வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று அவர் அங்கேயே நின்றுகொண்டார். நானும் அஞ்சுவும் மைசூர் வந்தோம்.

மாணவர் விசாவில் ஒரு சங்கடம். படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி வருவேன் என்று ஆபீசரை நம்பவைக்க வேண்டும். அப்பாவின் பேரில் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற பிள்ளை அதைச் சொன்னால் எந்த ஆபீசர் நம்புவார்? நம்பவில்லையென்றால் விசா கிடையாது. அவள் இந்தப் பக்கம், நாங்கள் அந்தப் பக்கம். படிப்பும் பாதியில். எனக்குத் தூக்கம் போனது.

ஜெரோம் தினமும் கடையில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தான். அவன்தான் ஆபீசர், கல்லாதான் கவுன்டர்.

"படிச்சு முடிச்சா எங்கே போவே பாப்பா?"

"தெரியாது மாமா."

"ஐயோ, கெட்டுது போ. மைசூருக்கு வருவேன்னு சொல்லணும். மாமா இருக்காரு, வீடு இருக்கு, கடை இருக்குன்னு சொல்லு. சும்மனே ஒரு வார்த்த. யாரு வந்து பாக்கப் போறா?"

"பொய் சொல்ல எனக்கு முடியாது மாமா. நான் அந்த ஆளக் கேட்டேன்ல? எது உங்களுதுன்னு."

ஜெரோம் என்னைப் பார்த்தான். நான் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்க் கெஞ்சினேன். ஒரே ஒரு வரி, உன் வாழ்க்கைக்காக, எங்களுக்காக என்றேன். மறுநாளிலிருந்து காலையில் எங்கேயோ போக ஆரம்பித்தாள். கேட்டால், காது கேளாத குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளி, அங்கே டீச்சருக்குத் துணை செய்கிறேன் என்றாள். ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசினாள். தமிழைவிடக் கன்னடம் அவளுக்குச் சீக்கிரம் வந்தது. சாயங்காலம் திரும்பி வந்து, இன்றைக்கு ஒரு குழந்தை தன் பெயரைச் சொன்னது என்று ஜெரோமுக்கும் எனக்கும் நடித்துக் காட்டினாள். நேரம் போக வேண்டுமே, போகட்டும் என்று நான் விட்டுவிட்டேன். எனக்கிருந்த கவலையெல்லாம் அந்த ஒரு வரிதான்.

6

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு எதிர்ப்பக்கம் நடைபாதையில், அவள் போனையும் பையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னேன். எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெளியே வந்தவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சேவியருக்குப் போன் செய்தால், அந்தப் பக்கம் அவரும் அழுகிறார்.

மறுநாள் காலை ரயிலில் மைசூர் திரும்பினோம். மண்டியா தாண்டி, கரும்பு வயலாகப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை கேட்காமல் இருந்ததைக் கேட்டேன்.

"ஆபீசர் கேட்டாரா, படிச்சு முடிச்சு என்ன பண்ணுவேன்னு?"

"கேட்டாரு. மைசூருக்கு வருவேன்னு சொன்னேன். அந்த ஸ்கூல் பத்தி சொன்னேன். அவரு நிறைய கேட்டாரு அதப் பத்தி."

"கெட்டிக்காரி" என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்தேன். "எவ்வளவு நல்லா சொல்லியிருக்க. நம்பிட்டாரு பாத்தியா."

"உண்மைம்மா அது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, தமிழிலேயே சொன்னாள்.

"நான் வருவேன். இங்க டீச்சர் பத்தல. எனக்கு இந்த வேல பிடிச்சிருக்கு, இந்த ஊரும் பிடிச்சிருக்கு. நீயும் அப்பாவும் எப்போ வர்றீங்க? நான் சின்ன ஸ்கூல் படிக்கும்போது, ஹைஸ்கூலுக்கு முன்னாடி போயிடலாம்னு சொன்னீங்க. அப்புறம் காலேஜுக்கு முன்னாடின்னு சொன்னீங்க. அப்புறம் கிரீன் கார்ட் கையில வந்ததும்னு சொன்னீங்க. மாமாகிட்ட போன வாரம்கூட, அவ படிப்பு முடியட்டும்னு சொன்ன. இதுல எதும்மா உங்களுது?"

நான் எந்த விசாவுக்காக இத்தனை நாள் முழங்காலில் நின்றேனோ, அது கிடைத்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இவள் திரும்பி வரப் போகிறாள். கவர்னரைப் பார்த்த அதே கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக நான் வளர்த்த பெண் இவள்தானா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினேன். வண்டி மைசூர் போய்ச் சேர்கிறவரை அவள் திரும்பக் கேட்கவில்லை.

பிளாட்பாரத்தில் ஜெரோம் நின்றிருந்தான். அஞ்சுவின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தான். அவள் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் என் பெட்டிக்குக் கையை நீட்டிக்கொண்டே, "சரி ஆயித்து. இனி ஒரு கவலையும் இல்ல. பாப்பா படிப்பு முடிஞ்சதும் அத்தானும் நீயும் இங்கேயே வந்திடுங்க" என்றான்.

"இல்லடா ஜெரோம்" என்றேன். "அவ வருவா. நாங்க வரமாட்டோம்."

அவன் கை நீட்டினபடியே இருந்தது.

"எனக்கு அது எப்பவோ தெரியும்க்கா" என்றான். "பெட்டியக் குடு."